முயலுக்குப் பதின்மூன்று கால்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் ஆசாமி குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது பெரியப்பா. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் ஓர் 'உயர்திரு' விட்டுப்போனதற்காகப் பதினெட்டு வருஷம் தம்பி வீட்டு வாசற்படியை மிதிக்காதவர். நான்காவது காலை இழுத்துக் காட்டினாலும் அதை வால் என்பார்.

ஸ்பெயினில் இப்பேர்ப்பட்டவரைத் 'தன் பதின்மூன்றிலேயே நிற்கிறார்' என்று சொல்வார்கள். நமக்கு மூன்று, அவர்களுக்குப் பதின்மூன்று. மிச்சம் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வாலென்சியாவுக்கு வடக்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் பெனீஸ்கோலா என்ற ஊருக்குக் கை காட்டுவார்கள். அங்கே ஒரு பாறை. பாறைமேல் ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு கிழவர். அவர் போய்ச் சேர்ந்து அறுநூறு வருஷம் ஆகிவிட்டது. இருந்தும் ஊர் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் பிழைக்கிறது.

கிழவரின் பெயர் பெத்ரோ தே லூனா. லூனா என்றால் நிலா. தொழில், போப்பாண்டவர். இதில் பெயரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. தொழிலைப் பற்றித்தான் தகராறு.

முதலில் பாறை

கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை அது. கரையோடு அதைச் சேர்ப்பது ஒரு மணல் திட்டு மட்டும். அந்தக் காலத்தில் கடல் நல்ல மூடில் இருந்தால் ஊர் தீபகற்பம். கோபம் வந்தால் அலை மணலை மூடிவிடும், ஊர் தீவாகிவிடும். பாறைக்குள் நல்ல தண்ணீர் ஊற்று வேறு உண்டு. மூன்று பக்கம் உப்புத் தண்ணீர், உள்ளே குடிதண்ணீர். கோட்டை கட்ட நினைப்பவன் கனவில்கூட இதைவிட நல்ல மனை வராது.

பாறையில் ஓரிடத்தில் கடல் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. கொந்தளிப்பு நாட்களில் அலை உள்ளே புகுந்து, ஊரின் நடுவே இருக்கும் ஓட்டை வழியாகப் 'புஸ்' என்று மூச்சு விடும். ஊர்க்காரர்கள் இதை 'எல் புஃபதோர்' என்பார்கள். ஊதுபவன் என்று அர்த்தம். வீம்பு பிடித்தவர் குடியேறுவதற்கு முன்பே பாறை பெருமூச்சு விடப் பழகிவிட்டது.

ஆரம்பத்தில் அங்கே இருந்தது முஸ்லிம்களின் கோட்டை. 1225-ல் அராகன் நாட்டு அரசன் முதலாம் ஹாய்மே படையோடு வந்து முற்றுகையிட்டான். விடலைப் பையன், பதினேழு வயது. மண்ணைக் கவ்வித் திரும்பினான். எட்டு வருஷம் கழித்து, 1233-ல், பக்கத்தில் புரியானா நகரம் அவன் கையில் விழுந்தது. பெனீஸ்கோலாக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தாங்களாகவே ஆள் அனுப்பி, எங்கள் மதத்திலும் சட்டத்திலும் கை வைக்காமல் இருந்தால் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அரசன் பெரும்படைக்குக் காத்திருக்காமல் சில வீரர்களோடு ஓடி வந்து, ராத்திரி மதிலுக்கு வெளியே வெட்டவெளியில் படுத்துத் தூங்கி, காலையில் ஊரை வாங்கிக்கொண்டான். படை எடுத்து வந்து பிடிக்க முடியாததைப் பாய் விரித்துப் படுத்துப் பிடித்தான்.

இந்தப் பாறையை வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே இருப்பவர் மனம் மாறினால்தான் கதவு திறக்கும். கதை பூராவும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரகப்பிரவேசமும் ஜப்தியும்

1294-ல் பாறை டெம்ப்ளர்கள் என்ற சந்நியாசிப் படையின் கைக்கு வந்தது. ஜபமாலை ஒரு கையில், வாள் மறு கையில் என்று திரிந்த கூட்டம். ஜெருசலேம் பக்கம் கோட்டை கட்டிக் கட்டி அனுபவப்பட்டவர்கள். 1291-ல் அங்கே கடைசிப் பெரிய கோட்டையான ஆக்கரும் பறிபோய்விட்டது. கையில் தொழில் இருக்கிறது, காட்ட இடமில்லை. கிடைத்த பாறையில் மொத்த வித்தையையும் இறக்கினார்கள்.

பழைய முஸ்லிம் கோட்டையின் மிச்சத்தின்மேல் புதிதாக எழுப்பியது இது. கடல்மட்டத்திலிருந்து 64 மீட்டர் உயரத்தில் உச்சி. மதில் சராசரியாக 20 மீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 230 மீட்டர். செதுக்கிய கல், அதன்மேல் செதுக்கிய கல், அதற்கும் மேல் செதுக்கிய கல். பூ இல்லை, கொடி இல்லை, யாளி மாதிரி ஒரு சமாசாரமும் இல்லை. அலங்காரம் என்று பார்த்தால் வாசலுக்கு மேலே ஒரு வரிசைக் கேடயங்கள் மட்டும்தான். டெம்ப்ளர்களின் சிலுவை ஒன்று, தலைவர் பெரெங்கேர் தே கார்தோனாவின் குடும்பச் சின்னம் ஒன்று. கார்தோ என்றால் முட்செடி. அதனால் கார்தோனாவின் கேடயத்தில் முட்செடி. விருந்தாளியை வரவேற்க வாசலில் முள்ளைச் செதுக்கி வைத்த கட்டடத்துக்கு வேறு அறிமுகம் எதற்கு?

உள்ளே நுழைந்தால் காவல் அறை, குதிரை லாயம், முற்றம், தேவாலயம், பெரிய கூடம், கீழே நிலவறைச் சிறை. லாயத்துக்குள் போனால் இருட்டு. கண் பழகியதும் தலைக்கு மேல் கல்லால் ஆன அரைப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி நீண்ட வளைவுக்கூரை தெரியும். தேவாலயத்துக்குள் போனால் அங்கேயும் அதே மாதிரி கல் கூரை, நுனி மட்டும் கொஞ்சம் கூர். குதிரைக்கும் கடவுளுக்கும் பேதம் பார்க்காத பொறியாளர் போலிருக்கிறது. மரம் வைத்தால் நெருப்பம்பு விட்டு எரிப்பார்கள், கல்லை என்ன செய்ய முடியும் என்பது கணக்கு. அவ்வளவு கனத்தைத் தாங்கச் சுவர் பருமனாக வேண்டும். சுவர் பருமனானால் ஜன்னல் சிறிதாக வேண்டும். ஆக, உலகத்திலேயே அழகான கடலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அந்தக் கடலை ஒரு முழம் அகலத்தில் பார்க்கும்படியான வீட்டைக் கட்டி முடித்தார்கள்.

முடித்தது 1307-ல். அதே வருஷம் அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப் தன் நாட்டு டெம்ப்ளர்களை ஒரே நாளில் கைது செய்தான். மதவிரோதம் என்பது குற்றச்சாட்டு. அவர்களிடம் அவன் பட்டிருந்த கடன் குற்றப்பத்திரிகையில் வரவில்லை. டிசம்பரில் அராகன் அரசனும் தன் பங்குக்குக் கை வைத்தான். பெனீஸ்கோலா பறிமுதல். சுண்ணாம்பு காய்வதற்குள் கிரகப்பிரவேசமும் ஜப்தியும் முடிந்துவிட்டன. பதின்மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை ஒரு சண்டையைக்கூடப் பார்க்காமல் கைமாறி, பிறகு மொன்தேசா என்ற புதிய மதப்படைக்குப் போனது. அடுத்த நூறு வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாற்காலி, மூன்று பேர்

இப்போது ரோமுக்குப் போக வேண்டும். போப்புகள் சுமார் எழுபது வருஷம் ரோமை விட்டு பிரான்ஸ் பக்கம் அவிஞோனில் குடியிருந்தார்கள். பதினோராம் கிரிகோரி ஒருவழியாக 1377-ல் ரோமுக்குத் திரும்பி வந்து, அடுத்த வருஷமே செத்துப்போனார். அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கக் கார்டினல்கள் உள்ளே உட்கார, வெளியே ரோம் ஜனங்கள் கூடிவிட்டார்கள். ரோமானியன் வேண்டும், அது முடியாவிட்டால் இத்தாலியனாவது வேண்டும், அதுவும் இல்லையென்றால் உங்கள் தலை வேண்டும் என்கிற ரீதியில் கோஷம். கார்டினல்கள் அவசரமாகப் பாரி நகரத்து ஆர்ச்பிஷப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அந்த அறையிலேயே இல்லை. அதற்குள் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

இவர் ரோமானியர் இல்லையே, சொன்னால் என்ன ஆகும்? உள்ளே தெபால்தெஸ்கி என்றொரு வயசான ரோமானியக் கார்டினல் இருந்தார். அவரைப் பிடித்து, அங்கியை மாட்டி, சிம்மாசனத்தில் உட்காரவைத்து, இவர்தான் போப் என்று காட்டிவிட்டு மற்றவர்கள் பின்வாசல் வழியாக நழுவினார்கள். ஜனங்கள் காலில் விழ, பெரியவர் நான் இல்லை, நான் இல்லை என்று கதறிக்கொண்டிருந்தார். பள்ளி நாடகத்தில் ராஜா வேஷக்காரன் வராததால் வாட்ச்மேனை மேடை ஏற்றிய மாதிரி.

நிஜமாகத் தேர்வானவர் ஆறாம் அர்பன். சாதுவான அதிகாரி என்று நினைத்து ஓட்டுப் போட்டால், பதவி ஏறிய மறுநாளிலிருந்து கார்டினல்களை நாலு பேர் நடுவில் திட்ட ஆரம்பித்தார். சில மாதம் பொறுத்துப் பார்த்தவர்கள், நாங்கள் பயத்தில் போட்ட ஓட்டு செல்லாது என்று அறிவித்து, அதே வருஷம் செப்டம்பரில் ஏழாம் கிளெமெண்ட் என்று இன்னொரு போப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவிஞோனுக்குப் போய்விட்டார். ரோமில் ஒருவர், அவிஞோனில் ஒருவர். ஒருவரையொருவர் சபையை விட்டு விலக்கிவைத்தார்கள். ஐரோப்பாவில் அப்போது சொர்க்கத்துக்குப் போக டிக்கெட் எடுத்தவர்களில் பாதிப் பேர் தப்பான கவுண்ட்டரில் எடுத்திருந்தார்கள். எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை.

இந்த இரண்டு தேர்தலிலும் ஓட்டுப் போட்ட கார்டினல்களில் ஒருவர் நம் பெத்ரோ தே லூனா. அராகனில் இயுயேகா என்ற ஊரில் 1328-ல் பிறந்த பெரிய இடத்துப் பிள்ளை, மோன்பெல்யேயில் திருச்சபைச் சட்டம் சொல்லிக் கொடுத்த பேராசிரியர். சட்டம் படித்தவர் சொந்த வழக்கில் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அது முடியாது.

1394-ல் கிளெமெண்ட் இறந்தார். அவிஞோன் கார்டினல்கள் தேர்தலுக்கு முன் ஒரு சத்தியம் எடுத்துக்கொண்டார்கள். யார் ஜெயித்தாலும் இந்தப் பிளவை முடிக்கப் பாடுபட வேண்டும், தேவைப்பட்டால் ராஜினாமாவும் செய்ய வேண்டும். லூனாவும் கையெழுத்துப் போட்டார். தோளில் கிடக்கும் மேலங்கியைக் கழற்றுகிற மாதிரி பதவியைக் கழற்றிவிடுவேன் என்று கழற்றியே காட்டியதாக ஒரு கதை உண்டு. இவ்வளவு தியாகசீலரா என்று எல்லோரும் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். பதின்மூன்றாம் பெனடிக்ட் ஆனார். அதற்குப் பிறகு குளிர் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. மேலங்கியைச் சாகிறவரை கழற்றவில்லை.

பிரான்ஸ் கெஞ்சிப் பார்த்தது, பிறகு மிரட்டியது. 1398-ல் ஆதரவை விலக்கிக்கொண்டது. கார்டினல்களில் பெரும்பாலோர் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைக்கு ஓடிவிட்டார்கள். பூசிகோ என்ற தளபதியின் ஆட்கள் அவிஞோன் அரண்மனையை முற்றுகையிட்டார்கள். சிலர் சமையலறைச் சாக்கடை வழியாக உள்ளே ஏறி வர, மேலே கிழவரின் ஆட்கள் அகப்பையோடு வரவேற்றார்களோ ஆயுதத்தோடு வரவேற்றார்களோ, மாட்டிக்கொண்டார்கள். இப்படி நாலரை வருஷம். 1403 மார்ச்சில் ஒரு ராத்திரி, எழுபத்தைந்து வயதை நெருங்கிய கிழவர் மாறுவேஷத்தில் அரண்மனையிலிருந்து நழுவினார். வெளியே வந்ததும் அதே பிரான்ஸ் மறுபடி ஆதரவு தந்தது. ஓடுகிறவனைக் கண்டால்தானே ஊருக்கு மரியாதை வருகிறது.

1409-ல் பீசா நகரத்தில் பஞ்சாயத்து கூடியது. ரோம் போப்பும் வேண்டாம், அவிஞோன் போப்பும் வேண்டாம் என்று இருவரையும் நீக்கிவிட்டு மூன்றாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீக்கப்பட்ட இருவரும் நீங்கவில்லை. பங்காளிச் சண்டையைத் தீர்க்கப் போனவர் தானும் ஒரு பங்கு கேட்டு வழக்குப் போட்ட கதையாக, ஒரு நாற்காலிக்கு மூன்று பேர்.

அவிஞோன் போனால் என்ன?

இந்தச் சமயத்தில்தான், 1411-ல், கிழவர் பெனீஸ்கோலாவுக்குக் குடி வந்தார். நூறு வருஷமாகத் தன் மதிலுக்குத் தகுந்த பிடிவாதக்காரர் கிடைக்காமல் காத்திருந்த கோட்டைக்குக் கடைசியில் ஆள் கிடைத்தார்.

டெம்ப்ளர் கோட்டை போப் அரண்மனையாக மாறியது. சிப்பாய்கள் தூங்கிய இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப் புத்தகங்கள் வந்து உட்கார்ந்தன. அச்சு இயந்திரம் பிறக்காத காலத்தில் அது ராஜாக்களையே பொறாமைப்பட வைக்கும் நூலகம். 1414-ல் கடலைப் பார்த்தபடி ஊருக்கு ஒரு புது வாசல் வைத்தார். அதன்மேல் அவருடைய சின்னத்தை இன்றும் பார்க்கலாம். போப்பின் கிரீடம், சாவிகள், அவற்றோடு தலைகீழாகக் கவிழ்ந்த பிறைநிலா. நிலாவை நேராக வைத்தால் எல்லோரையும் போல ஆகிவிடுவோமே என்று நினைத்திருப்பார்.

பாறையின் செங்குத்தான பக்கத்தில் கடல்வரை இறங்கும் படிக்கட்டு ஒன்று உண்டு. 'பாப்பா லூனா', அதாவது போப் லூனா, படிக்கட்டு என்று பெயர். ஒரே ராத்திரியில் செதுக்கினார் என்பது ஊர்க்கதை. அவிஞோனில் சாக்கடை அனுபவம் பெற்றவருக்குப் பின்வாசலின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சும்மா உட்காரவும் இல்லை. 1413 ஆகஸ்டில் இந்தப் பாறையிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஓர் ஆணை போனது. செயிண்ட் ஆண்ட்ரூஸில் பல்கலைக்கழகம் நடத்தலாம் என்று போப்பின் அனுமதி. அதை வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகம் இன்றுவரை தன் சின்னத்தில் அந்தக் கவிழ்ந்த நிலாவை வைத்திருக்கிறது. பட்டம் கொடுத்தவரின் பட்டம் செல்லாது என்று பிறகு தீர்ப்பானது. பட்டங்கள் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கின்றன.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அதே 1413-ல், பக்கத்தில் தொர்தோசா நகரத்தில் யூத அறிஞர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு விவாதம் நடத்தினார். இருபது மாதத்துக்கு மேல், 69 அமர்வுகள். பேச்சாளரும் அவர் ஆள், நடுவரும் அவர். தீர்ப்பு முதல் நாளே எழுதப்பட்ட பட்டிமன்றம். முடிவில் 1415-ல் யூதர்கள் தங்கள் மத நூலான தல்மூதைப் படிக்கவும் தடை போட்டார். தன் நியாயத்தை உலகம் கேட்கவில்லை என்று ஆயுசு பூராவும் புலம்பிய மனிதர், எதிரே உட்கார்ந்தவர் நியாயத்தைக் கேட்ட லட்சணம் இது. வேடிக்கையான கிழவர்தான். எல்லோருக்கும் வேடிக்கையாக இருக்கவில்லை.

ஏழு மணி நேரம்

ஜெர்மானிய அரசர் சிகிஸ்மண்ட் இந்த முப்போப் கூத்தை முடிக்கக் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் பெரிய சபையைக் கூட்டினார். பீசா வரிசையில் வந்த போப் மாறுவேஷத்தில் ஓடிப் பிடிபட்டார். ரோம் போப் கௌரவமாக விலகினார். மிச்சம் நம்மவர். அவரைச் சமாதானப்படுத்த 1415-ல் சிகிஸ்மண்டே பெர்பினியான் நகரத்துக்கு நேரில் வந்தார். 87 வயதை நெருங்கிய கிழவர் எழுந்து நின்று ஏழு மணி நேரம் லத்தீனில் பேசினார் என்கிறார்கள்.

அதில் ஒரு வாதம் அபாரம். பிளவுக்குப் பிறகு வந்த போப்புகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவர்கள் என்கிறீர்கள். சரி. அப்படியானால் அவர்கள் நியமித்த கார்டினல்களும் சந்தேகம். பிளவுக்கு முன்னால், 1375-ல், சந்தேகமே இல்லாத பதினோராம் கிரிகோரியால் நியமிக்கப்பட்டவன், உயிரோடு இருப்பவன், நான் ஒருவன்தான். ஆகவே அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் தகுதி உலகத்தில் எனக்கு மட்டுமே உண்டு. நான் போப் இல்லை என்றால், போப் யார் என்று சொல்லப்போகிறவனும் நானே!

இதில் எரிச்சல் என்னவென்றால், சட்டப்படி பார்த்தால் ஓட்டையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெரியப்பா சொல்வது சில சமயம் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால்தான் அவரோடு பேசவே முடிவதில்லை.

சிகிஸ்மண்ட் வெறுங்கையோடு போனார். கிழவர் கப்பலேறிப் பாறைக்குத் திரும்பினார். அராகன் அரசன் பெர்னாந்தோவுக்கு 1412-ல் சிம்மாசனம் கிடைக்க உழைத்தவர்களில் முக்கியமானவர் இவர். அதே பெர்னாந்தோ 1416 ஜனவரியில் ஆதரவை விலக்கிக்கொண்டான். உன்னை ராஜாவாக்கிய என்னை வனாந்தரத்துக்கு அனுப்புகிறாயே என்ற பொருளில் கிழவர் சொல்லியனுப்பினார். மூன்றே மாதத்தில் பெர்னாந்தோ இறந்துபோனான். சாபம் என்று ஊர் பேசியிருந்தால் கிழவர் மறுத்திருக்க மாட்டார்.

1417-ல் சபையின் தூதர்கள் பாறைக்கே வந்தார்கள். திருச்சபை கான்ஸ்டன்ஸில் இல்லை, இதோ இங்கே இருக்கிறது, இதுதான் நோவாவின் பேழை என்று நாற்காலிக் கையைத் தட்டிச் சொன்னாராம். யோசித்துப் பார்த்தால் உவமை பொருத்தம்தான். சுற்றிலும் தண்ணீர், உள்ளே எண்ணிச் சில ஜீவன்கள், வெளியே இருக்கும் உலகம் முழுக்க மூழ்கிவிட்டது என்ற நிம்மதி. ஜூலையில் சபை அவரைப் பதவி நீக்கம் செய்தது. நவம்பரில் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. கிழவர் பதிலுக்கு அவர்கள் எல்லோரையும் விலக்கிவைத்தார். கிறிஸ்தவ உலகத்தில் அவர் விலக்கிவைக்காமல் மிச்சம் இருந்தது பெனீஸ்கோலாவும், பிரான்ஸில் ஆர்மன்யாக் பிரபுவும், இன்னும் சொற்பப் பேரும்தான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை.

20 மீட்டர் மதில், பாறைக்குள் ஊற்று, கல்லால் ஆன கூரை, கடலுக்கு இறங்கும் படி. எந்தப் படை வந்தாலும் சமாளிக்கலாம். படைதான் வரவில்லை. புதிய அரசன் ஐந்தாம் அல்போன்சோவுக்கு நேப்பிள்ஸ் மேல் கண். ரோம் போப் மார்ட்டின் தகராறு செய்யும்போதெல்லாம், எங்கள் ஊரில் இன்னொரு போப் ஸ்டாக் இருக்கிறார் தெரியுமா என்று ஞாபகப்படுத்தக் கிழவர் வசதியாக இருந்தார். அவரைக் காப்பாற்றியது மதில் இல்லை, அரசனின் சட்டைப்பையில் துருப்புச் சீட்டாகக் கிடந்ததுதான். முற்றுகைக்கென்றே பிறந்த கோட்டை முற்றுகைக்காக ஏங்கி உட்கார்ந்திருந்தது. கதவைத் தட்ட ஆள் வந்தால்தானே திறக்க மாட்டேன் என்று சொல்ல முடியும்?

1418-ல் ஒரே ஒருமுறை யாரோ அக்கறை காட்டினார்கள். கிழவருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு வேண்டும். அதில் ஆர்சனிக் கலந்துவிட்டார்கள். தொண்ணூறு வயது உடம்பு வாந்தி எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தது. நாற்பது வருஷமாக ஐரோப்பாவே ஜீரணிக்க முடியாத மனிதர், அவர் விஷத்தை ஜீரணித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒற்றை ஆள் தேர்தல்

1422 கடைசியில், வாரிசு வேண்டுமே என்று நாலு கார்டினல்களை நியமித்தார். 1423-ல், தொண்ணூற்று நாலு வயதைத் தாண்டி, அதே கோட்டையில் காலமானார். பதின்மூன்றிலேயே நின்று, பதின்மூன்றிலேயே போனார். செய்தியைக் கொஞ்ச நாள் மூடி வைத்தார்கள். பிறகு மூன்று கார்டினல்கள் கூடி கில் சாஞ்செஸ் முன்யோஸ் என்பவரை எட்டாம் கிளெமெண்ட் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

நாலாவது கார்டினல் ஜான் கரியே வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து விசாரித்து, தேர்தலில் பணம் விளையாடியது, செல்லாது என்று கண்டுபிடித்தார். செல்லாத தேர்தலை நடத்திய மூவரும் செல்லாதவர்கள். மிச்சம் செல்லுபடியாகும் கார்டினல் யார்? தான் ஒருவரே! 1425-ல் கரியே தனியாக ஒரு தேர்தல் நடத்தி, ரொதேஸ் நகரத்துப் பாதிரியார் பெர்னார் கார்னியேவைப் பதினான்காம் பெனடிக்ட் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார். ஏகம் என்ற சொல் இவ்வளவு துல்லியமாக அதற்கு முன்னும் பின்னும் பயன்பட்டதில்லை. பெர்பினியானில் கிழவர் ஏழு மணி நேரம் கற்பித்த பாடத்தை ஒரு மாணவராவது ஒழுங்காகப் படித்திருக்கிறார். அந்த மாணவர் கடைசியில் ஃபுவா கோட்டைச் சிறையில் கிடந்தார்.

1429-ல் அல்போன்சோவும் மார்ட்டினும் ராசியானார்கள். துருப்புச் சீட்டுக்கு வேலை போனது. எட்டாம் கிளெமெண்ட் ராஜினாமா செய்தார். ஆனால் பெனீஸ்கோலா தன் கௌரவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கிருந்த கார்டினல்கள் முறைப்படி தேர்தல் நடத்தி, நன்றாக யோசித்து, ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள்! மனிதர் அதற்குள் பன்னிரண்டு வருஷமாகப் போப்பாக இருந்தார். இருக்கட்டுமே, நாங்கள் சொன்னால்தானே கணக்கு. பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. பேரன் காதுகுத்துக்கு வந்து, இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றார்.

கில் சாஞ்செஸுக்கு மயோர்க்காவில் பிஷப் வேலை கிடைத்தது. பாறைக் கதவு, வழக்கம் போல, உள்ளேயிருந்துதான் திறந்தது.

வேஷம் கட்டும் கோட்டை

கிழவரின் உடலை 1430-ல் சொந்த ஊர் இயுயேகாவுக்குக் கொண்டு போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பானிய வாரிசுரிமைப் போரின்போது, பிரெஞ்சுச் சிப்பாய்கள் அதை இழுத்துச் சிதைத்தார்கள். மிஞ்சியது மண்டை ஓடு. அதை சபின்யான் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையில் வைத்திருந்தார்கள். 2000-ல் அதைத் திருடிக்கொண்டு போய், பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று கடிதம் போட்டார்கள். சில மாதத்தில் போலீஸ் மீட்டது. உயிரோடு இருந்தபோது நாட்டு ராஜாக்களெல்லாம் கேட்டும் வளைக்க முடியாத தலை அது. திருடனுக்கு என்ன தெரியும்.

இரண்டாம் பிலிப் காலத்தில், 1570-களில், இத்தாலியப் பொறியாளர் அந்தோனெல்லி பீரங்கிக்குத் தோதாகக் கீழே புது மதில்கள் கட்டினார். கிழவரின் மதிலைவிடப் பருமன். பிறகு வந்த சண்டைகளில் கோட்டை நன்றாகவே அடி வாங்கியது, அவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

1961-ல் வெளியான 'எல் சிட்' படத்தில் பெனீஸ்கோலா வாலென்சியா நகரமாக நடித்தது. செத்துப்போன சார்ல்டன் ஹெஸ்டனைக் குதிரையில் கட்டி, கோட்டை வாசலிலிருந்து போருக்கு அனுப்பும் காட்சி இந்தக் கடற்கரையில்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஆறாவது சீசனில் மீரீன் நகரமாக நடித்தது. டிராகன் வளர்க்கும் ராணிக்கு வாடகை வீடு. தன் சொந்தக் கதையில், ராணியைவிட அடம் பிடித்த ஒரு ஹீரோ இருக்க, கோட்டைக்கு எப்போதும் அடுத்தவர் வேஷம்தான். இப்போது கதவைத் தட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று உள்ளே போகிறார்கள். கிழவர் இருந்திருந்தால் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஏழு மணி நேரம் பேசியிருப்பார்.

வழக்கு என்ன ஆயிற்று? ரோமின் கணக்கில் அவர் போலிப் போப். அவர் நம்பரும் செல்லாது. செல்லாத நம்பரை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். 1724-ல் ஓர்சினி குடும்பத்துக் கார்டினல் ஒருவர் போப் ஆனபோது பெனடிக்ட் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பதின்மூன்று ஏற்கெனவே போய்விட்டதே என்ற பழக்கத்தில் தன்னைப் பதினான்காம் பெனடிக்ட் என்றே சொல்லிக்கொண்டார். கொஞ்சம் கழித்துத்தான் யாரோ காதில் போட்டார்கள், அந்தப் பதின்மூன்று நம் கணக்கில் கிடையாது என்று. நம்பரை மாற்றிக்கொண்டு இவர் பதின்மூன்றாம் பெனடிக்ட் ஆனார். இன்றைய போப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருப்பது ஓர்சினிதான்.

ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களைக் கவனியுங்கள். பன்னிரண்டுக்கு அடுத்து ஒருவர் இருந்தார் என்று, ரோம் நகரத்தில், போப்பின் நாற்காலியில் உட்கார்ந்து, போப்பே எண்ணியிருக்கிறார். யாரும் வற்புறுத்தவில்லை, முற்றுகை போடவில்லை, ஏழு மணி நேரம் பேசவில்லை. கை தவறி வந்த தீர்ப்பு.

கிழவர் செத்து அப்போது முந்நூறு வருஷம். முயலுக்கு அந்தச் சில நாட்கள் மட்டும் பதின்மூன்று கால் இருந்தது.